கூடுதல் விலையில் குறையும் லாபம்



அளவு மீறி விலை வைப்பது முறையல்ல என்று சொல்ல இந்தப் பக்கம் தேவையில்லை. பட்டினப்பாலை காலத்திலிருந்தே அதைச் சொல்லி வருகிறார்கள். நமது மாநாட்டு மேடைகளிலும் அதைக் கேட்டுக் கைதட்டியிருக்கிறோம். ஆனால் மாநாடு முடிந்து ஊர் திரும்பிக் கடையைத் திறந்தவுடன் கடை வாடகை, கரண்ட் பில், ஆள் சம்பளம், மொத்தக் கடை பாக்கி எல்லாம் வரிசையாகக் கண் முன் வந்து நிற்கின்றன. அப்போது, "கிலோவுக்கு இன்னும் ஐந்தாறு ரூபாய் சேர்த்தால் என்ன?" என்ற எண்ணம் வருவது இயற்கையே. ஆகவே நீதி போதனையைச் சற்று ஒதுக்கிவைப்போம். அந்த ஐந்தாறு ரூபாய் உண்மையில் கல்லாவுக்கு வந்து சேருகிறதா என்பதை மட்டும் கணக்குப் போட்டுப் பார்ப்போம். கீழே கணக்குகளில் வரும் தொகைகள் பாடத்துக்காக எடுத்துக்கொண்டவை. தங்கள் ஊர் விலையை அவற்றின் இடத்தில் போட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.

அடக்கம் தெரியாமல் வைக்கும் விலை

மளிகைக் கடைகளில் அதிக விலை பெரும்பாலும் பேராசையால் வருவதில்லை. அடக்க விலை சரியாகத் தெரியாததால் வருகிறது. பில்லில் உள்ள விலையைப் பார்த்து, "எதற்கும் இருக்கட்டும்" என்று இருபது சதவீதத்தை ஏற்றிவிடும் பழக்கம் நம்மில் பலரிடம் உண்டு. லாரி வாடகை, கூலி, சேதாரம் எல்லாம் அதற்குள் அடங்கிவிடும் என்பது நினைப்பு. அடங்கும்தான், ஆனால் எவ்வளவு அடங்குகிறது என்று பார்ப்பதில்லை.

50 கிலோ உளுந்து மூட்டை ஒன்று, கிலோ 110 ரூபாய் வீதம் 5,500 ரூபாய். லாரி வாடகை, ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி சேர்ந்து 60 ரூபாய். பிரித்து நிறுத்து விற்கும்போது தூசி, சிந்தல், நிறுவை என்று அரை கிலோ போகும். விற்பனைக்கு நிற்பது 49½ கிலோ. 5,560ஐ 49½ஆல் வகுத்தால் கிலோவுக்கு 112 ரூபாய் 32 காசு. கவருக்கு ஒரு ரூபாய் சேர்த்தால் 113 ரூபாய் 32 காசு. இதுதான் அடக்கம். சாக்கை விற்றால் சில காசுகள் குறையும், அதை விட்டுவிடுவோம்.

கண்ணை மூடிக்கொண்டு இருபது சதவீதம் ஏற்றியவர் 132 ரூபாய்க்கு விற்கிறார். அவருக்குக் கிலோவுக்கு 18 ரூபாய் 68 காசு நிற்கிறது. அடுத்த தெருக் கடைக்காரர் அடக்கத்தைக் கணக்கிட்டு 122க்கு விற்கிறார். அவருக்கு 8 ரூபாய் 68 காசு நிற்கிறது. முதலாமவர், தமக்கு நியாயமான லாபம்தான் கிடைக்கிறது என்று மனதார நம்புகிறார். எதிராளி எப்படி 122க்குக் கொடுக்கிறார் என்பதே அவருக்குப் புரிவதில்லை. "கலப்படமாக இருக்கும், எடை குறைப்பார்" என்று சந்தேகப்படுகிறார். கணக்கு வேறு என்பது அவருக்குத் தோன்றுவதே இல்லை.

இன்னொரு குழப்பமும் உண்டு. 100 ரூபாய்ச் சரக்கை 120க்கு விற்றால் வாங்கிய விலையின் மேல் லாபம் 20 சதவீதம்; ஆனால் விற்ற விலையில் அது 16⅔ சதவீதம்தான். கடைச் செலவை நாம் விற்பனையோடு ஒப்பிடுகிறோம், லாபத்தையோ கொள்முதலோடு ஒப்பிடுகிறோம். இரண்டையும் விற்பனையோடு ஒப்பிடுவதே சரி. மாதம் 6 லட்சம் ரூபாய் விற்கும் கடையில் வாடகை, சம்பளம், கரண்ட், வட்டி எல்லாம் சேர்ந்து 42,000 ரூபாய் என்றால், செலவு விற்பனையில் 7 சதவீதம். மொத்த லாபம் சராசரியாக 10 சதவீதம் வந்தால் 60,000 ரூபாய். முதலாளிக்கு நிற்பது 18,000. இங்கே "சராசரியாக" என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். கடையில் உள்ள ஒவ்வொரு சாமானும் தனித்தனியே பத்து சதவீதம் தர வேண்டும் என்பதில்லை. இந்த ஒன்று புரிந்துவிட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

ஒரு துவரம் பருப்புக் கணக்கு

துவரம் பருப்பு அடக்கம் 140 ரூபாய், விற்பனை விலை 150. மாதம் 100 கிலோ ஓடுகிறது. லாபம் 1,000 ரூபாய். கடைக்காரர் விலையை 156 ஆக்குகிறார். விற்பனை 80 கிலோவாகக் குறைகிறது. கிலோவுக்கு 16 ரூபாய் வீதம் லாபம் 1,280. விற்பனை ஐந்தில் ஒரு பங்கு குறைந்தும் லாபம் 280 ரூபாய் கூடியிருக்கிறது. நம்மில் பலர் விலையை ஏற்றிவிட்டு, "ஒன்றும் குறையவில்லையே" என்று திருப்தி அடைவது இந்தக் கணக்கினால்தான். பருப்பு மூட்டையை மட்டும் பார்த்தால் அவர் சொல்வது சரி.

குறைந்துபோன 20 கிலோ யாருடையது? வீட்டுக்கு இரண்டு கிலோ என்று வைத்தால் பத்து வீடுகள். அந்தப் பத்து வீடுகளும் நம் கடையில் பருப்பு மட்டுமா வாங்கின? எண்ணெய், சர்க்கரை, புளி, மிளகாய், சோப்பு, காப்பித்தூள் என்று பருப்பு நீங்கலாக மாதம் 4,000 ரூபாய்க்குச் சாமான் வாங்கும் குடும்பம் ஒவ்வொன்றும் நமக்கு 400 ரூபாய் லாபம் தருகிறது. பத்தில் ஒன்பது வீடுகள் பருப்பை மட்டும் வெளியில் வாங்கிக்கொண்டு மற்றதை நம்மிடமே வாங்கலாம். ஒரே ஒரு வீட்டார், "பருப்புக்கு அங்கே போகிறோமே, லிஸ்டையும் அங்கேயே கொடுத்துவிடலாம்" என்று முடிவு செய்தால் போதும். கூடுதலாக வந்த 280 போய், 120 ரூபாய் நஷ்டம். மூன்று வீடுகள் போனால் 1,200 ரூபாய் போகும். பருப்பில் கூடிய 280ஐக் கழித்தாலும் நஷ்டம் 920. வாடகையும் சம்பளமும் அப்படியே இருப்பதால் இந்தத் தொகை நேராக முதலாளியின் கையில்தான் குறையும்.

பருப்பு லாபம் பருப்புப் பக்கத்தில் தெரிகிறது. போன லிஸ்டு எந்தப் பக்கத்திலும் தெரிவதில்லை. அந்த அம்மா வந்து, "அண்ணாச்சி, உங்கள் விலை அதிகம், அதனால் இனி வரமாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போவதில்லை. வழியில் பார்த்தால் சிரித்துவிட்டே போவார். இரண்டு மாதம் கழித்து, "வியாபாரம் டல்" என்று நாம் சொல்லிக்கொண்டிருப்போம்.

இதில் ஒரு வித்தியாசம் உண்டு. ஊரில் எல்லாக் கடையிலும் பருப்பு விலை ஏறியிருந்தால் மக்கள் அளவைக் குறைப்பார்கள். கடையை மாற்ற மாட்டார்கள். நம் கடையில் மட்டும் ஏறியிருந்தால் அளவைக் குறைக்க மாட்டார்கள், கடையை மாற்றுவார்கள். முதலாவதைத் தாங்கலாம். ஆகவே விலை வைக்குமுன் பார்க்க வேண்டியது, கிலோவுக்கு எவ்வளவு நிற்கும் என்பதை மட்டுமல்ல. நாலு தெருவில் அந்தச் சாமான் என்ன விலைக்குப் போகிறது என்பதையும்தான். கடைப் பையனை வாரம் ஒரு முறை அனுப்பிப் பத்துச் சாமான் விலை கேட்டு வரச் சொல்வதற்கு ஒன்றும் செலவில்லை.

எந்தப் பத்துச் சாமான்?

வீட்டு அம்மாக்களுக்குக் கடையில் உள்ள எல்லாச் சாமானின் விலையும் மனப்பாடம் இல்லை. சர்க்கரை, துவரம் பருப்பு, உளுந்து, இட்லி அரிசி, சமையல் எண்ணெய், வெங்காயம், முட்டை, பால், தேங்காய் போன்ற சிலவற்றின் விலைதான் நாவில் இருக்கும். இந்தச் சிலவற்றை வைத்துத்தான் ஒரு கடையை "மலிவு" என்றும் "கொள்ளை" என்றும் தீர்ப்பளிக்கிறார்கள். இவற்றில் இரண்டு ரூபாய் கூடினாலும் ஊர் முழுக்கச் செய்தியாகிவிடும். ஏலக்காய், கிராம்பு, பட்டை, கசகசா, பெருங்காயம், சாம்பிராணி, துடைப்பம் ஆகியவற்றின் விலையை யாரும் நினைவில் வைத்திருப்பதில்லை. பத்து கிராம் ஏலக்காயில் இரண்டு ரூபாய் கூடுதலாக நின்றால் யாரும் கடை மாறுவதில்லை.

இது ஏமாற்று ஆகாதா என்று கேட்கலாம். ஆகாது என்பதே என் கருத்து. ஏலக்காயும் கசகசாவும் மெதுவாக ஓடும் சாமான்கள். காய்ந்து எடை குறையும், மணம் போகும், பத்துப் பத்து கிராமாக நிறுத்துக் கட்ட ஆள் நேரம் ஆகும். அவற்றில் லாப விகிதம் கூடுதலாக இருப்பதற்குக் காரணம் உண்டு. காலையில் மூட்டை பிரித்தால் மாலைக்குள் பாதி ஓடிவிடும் சர்க்கரைக்கு அந்தக் காரணம் கிடையாது. மெதுவாக ஓடும் சாமானுக்குரிய லாபத்தை வேகமாக ஓடும் சாமானிலும் எதிர்பார்ப்பதுதான் தவறு.

இந்த வித்தியாசத்தை எழுத்தில் போட்டு, அதன் மேல் ஒரு கடையையே கட்டிய ஒரு மளிகைக்காரரின் வரலாறு நாம் தெரிந்துகொள்ள வேண்டியது. அமெரிக்காவில் க்ரோகர் என்ற பெரிய மளிகை நிறுவனத்தில் ஒரு பகுதிக்குப் பொறுப்பாளராக இருந்தவர் மைக்கேல் கல்லன். 1930ஆம் ஆண்டில், ஊரெங்கும் வேலையில்லாத் திண்டாட்டம் பரவிவந்த வேளையில், அவர் தம் நிறுவன மேலிடத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். 300 சாமான்களை அடக்க விலைக்கே விற்பது, 200 சாமான்களை அடக்கத்துக்கு மேல் 5 சதவீதம் வைத்து விற்பது, 300 சாமான்களை 15 சதவீதத்திலும் இன்னொரு 300 சாமான்களை 20 சதவீதத்திலும் விற்பது என்பது அவர் திட்டம். மேலிடம் அதை ஏற்கவில்லை. அவர் வேலையை விட்டுவிட்டு, அதே ஆண்டு ஆகஸ்ட் 4ஆம் தேதி நியூயார்க்கின் குயின்ஸ் பகுதியில், பழைய மோட்டார் ஷெட் ஒன்றில் "கிங் கல்லன்" என்ற பெயரில் கடையைத் திறந்தார். 1936இல் அவர் காலமானபோது 17 கடைகள் நடந்துகொண்டிருந்தன. அமெரிக்க சூப்பர் மார்க்கெட்டுகளின் முன்னோடி என்று இன்று அதைக் குறிப்பிடுகிறார்கள்.

அந்த 1,100 சாமான்களையும் எண்ணிக்கைப்படி சராசரி போட்டால் ஏற்றிய விகிதம் பத்து சதவீதத்தைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான். அடக்க விலைக்கு விற்ற 300 சாமான்கள் கூட்டத்தை அழைத்து வந்தன, மற்ற 800 சாமான்கள் செலவைக் கட்டின. ஆனால் அவரை அப்படியே பின்பற்ற நம்மால் முடியாது, பின்பற்றவும் வேண்டாம். அவர் கடன் கொடுக்கவில்லை, வீட்டுக்குச் சாமான் அனுப்பவில்லை, வாடகை குறைந்த இடத்தைத் தேடிப் பிடித்தார். நம் கடையில் கடனும் உண்டு, வீடு தேடிப் போவதும் உண்டு. சர்க்கரையை அடக்கத்துக்கும் கீழே விற்றுக் கூட்டம் சேர்க்க முயன்று, கூட்டம் சர்க்கரையை மட்டும் வாங்கிக்கொண்டு போனதால் நொடித்த கடைகளும் நம் ஊர்களில் உண்டு. விலை தெரிந்த சாமானில் ஊர் விலையை மீறாமல் இருந்தால் நமக்குப் போதும்.

நின்றுபோகும் சரக்கு

ஒரு லட்சம் ரூபாய் போட்டு 6 சதவீத லாபத்தில் விற்கும் சரக்கு பதினைந்து நாளில் விற்றுத் தீர்ந்தால், அதே பணம் மாதத்தில் இரண்டு முறை சுற்றி 12,000 ரூபாய் தருகிறது. அதே ஒரு லட்சத்தை 12 சதவீத லாபம் வைத்த சரக்கில் போட்டு, விலை கூடுதல் என்பதால் அது தீர நாற்பத்தைந்து நாள் ஆனால், மாதத்துக்கு 8,000 ரூபாய்தான். லாப விகிதம் இரட்டிப்பு, கைக்கு வந்த பணமோ மூன்றில் ஒரு பங்கு குறைவு. ரவையிலும் மைதாவிலும் வண்டு வைப்பது, எண்ணெய் சிக்கு வாடை அடிப்பது, பாக்கெட் சாமானில் தேதி முடிவது ஆகியவற்றை இந்தக் கணக்கில் நான் சேர்க்கவே இல்லை. மொத்தக் கடைக்காரருக்குத் தவணை தவறும்போது அவர் அடுத்த முறை நமக்குச் சொல்லும் விலையிலும் அது ஏறும்.

தட்டுப்பாடு வந்தால்

சந்தையில் திடீரென விலை ஏறும்போது பழைய சரக்கைப் பழைய விலைக்கே விற்க வேண்டுமா? பொதுமக்கள் ஆம் என்பார்கள். வியாபாரியின் கஷ்டம் அவர்களுக்குத் தெரியாது. 140க்கு வாங்கிய 500 கிலோ பருப்பை 150க்கு விற்று முடித்து, சந்தைக்குப் போனால் அங்கே 160. அதே 500 கிலோவை மறுபடி வாங்க 10,000 ரூபாய் கூடுதலாக வேண்டும். ஆகவே விலையைப் படிப்படியாக ஏற்றுவதில் தவறில்லை. வீட்டுக்கு இரண்டு கிலோ என்று அளவு வைத்தால் வாடிக்கைக் குடும்பங்களுக்குப் பழைய சரக்கு சில நாள் கூடுதலாகக் கிடைக்கும்.

பெயர் கெடுவது ஏற்றும்போது அல்ல, இறக்கும்போது. ஏறினால் அன்றைக்கே ஏற்றுகிறோம். இறங்கினால், "இது பழைய சரக்கு, தீரட்டும்" என்கிறோம். இன்று எல்லோர் கையிலும் செல்போன் இருக்கிறது. சந்தை விலை இறங்கியது நமக்குத் தெரியும் அதே நேரத்தில் அவர்களுக்கும் தெரிகிறது. ஏற்றத்துக்குப் புதுச் சரக்கின் விலையும் இறக்கத்துக்குப் பழைய சரக்கின் விலையும் என்று இரட்டைக் கணக்கு வைத்தால் யாரும் ஒப்ப மாட்டார்கள்.

நஷ்டமும் அதில்தான். 2015 அக்டோபரில் நாட்டின் பல நகரங்களில் துவரம் பருப்பு சில்லறையில் கிலோ 200 ரூபாயைத் தொட்டது நினைவிருக்கும். கிடங்குகளில் சோதனை நடந்தது. பல மாநிலங்களில் ஆயிரக்கணக்கான டன் பருப்பு கைப்பற்றப்பட்டது. இன்னும் ஏறும் என்று இருப்பு வைத்தவர்களுக்கு என்ன ஆயிற்று? விலையைப் பார்த்த விவசாயிகள் துவரையை அதிகம் விதைத்தார்கள், மழையும் கைகொடுத்தது. 2015-16இல் 25 லட்சம் டன் அளவில் இருந்த துவரை விளைச்சல் 2016-17இல் 48 லட்சம் டன்னுக்கு மேல் போனது. குவிண்டால் 5,050 ரூபாய் என்ற ஆதரவு விலைக்கும் கீழே பல சந்தைகளில் துவரை விற்றது. உச்ச விலையில் வாங்கி அடுக்கியவர்கள், "என் அடக்கம் இவ்வளவு" என்று விலைப் பலகையை இறக்காமல் காத்திருந்தால், காத்திருந்த ஒவ்வொரு வாரமும் நஷ்டம் கூடியது. வாங்குகிறவருக்கு நம் அடக்கத்தைப் பற்றிக் கவலை இல்லை. பக்கத்துக் கடையின் விலைதான் கவலை.

பேரிடர் நேரத்து விலை இன்னும் மோசமானது. 2015 டிசம்பர் வெள்ளத்தின்போது சென்னையின் சில இடங்களில் பால் லிட்டர் 100 ரூபாய் வரை விற்றதாகப் பத்திரிகைகள் எழுதின. எங்கோ சிலர் செய்தது, ஆனால் கெட்ட பெயர் வியாபாரிகள் எல்லோருக்கும் வந்தது. வெள்ளத்தில் தன் கடையிலிருந்த அரிசியை எடுத்துக் கொடுத்தவரைப் பற்றி யாரும் எழுதவில்லை. 2020 மார்ச்சில் கொரோனா வந்தபோது முகக்கவசமும் கை கழுவும் சானிடைசரும் கண்டபடி விலை ஏறின. மார்ச் 13ஆம் தேதி அவை இரண்டும் அத்தியாவசியப் பொருட்கள் சட்டத்துக்குள் கொண்டுவரப்பட்டன. அடுத்த வாரத்திலேயே 200 மில்லி சானிடைசருக்கு 100 ரூபாய், மூன்று மடிப்பு முகக்கவசத்துக்கு 10 ரூபாய் என்று உச்ச விலை வைக்கப்பட்டது. அதற்கு முன் கூடுதல் விலைக்கு வாங்கி வைத்தவர்கள் வாங்கிய விலைக்கே விற்க முடியாமல் நின்றார்கள். அளவு மீறிய விலை அரசாங்கத்தைக் கடைக்குள் அழைத்து வருகிறது. வந்த அதிகாரி பருப்பை மட்டும் பார்த்துவிட்டுப் போவதில்லை. தராசின் முத்திரையையும் பார்ப்பார், லைசென்ஸையும் கேட்பார்.

பாக்கெட்டின் மேல் ஒரு ரூபாய்

சில்லறையாக நிறுத்து விற்கும் சாமானில் விலை நம் கையில். பாக்கெட் சாமானில் அப்படி இல்லை. சட்டமுறை எடையளவுச் சட்டம், 2009இன் கீழ் வந்த 2011ஆம் ஆண்டுப் பொட்டலப் பொருட்கள் விதிகளின்படி, அச்சிட்ட அதிகபட்ச சில்லறை விலைக்கு மேல் ஒரு காசு வாங்கினாலும் குற்றம். எல்லா வரிகளும் அதற்குள் அடக்கம், தனியாக ஜி.எஸ்.டி. சேர்க்க முடியாது. விலையை அழிப்பதும், மாற்றி எழுதுவதும் குற்றம். நிறுவனம் விலையைக் குறைத்தால் குறைந்த விலைக்கு ஸ்டிக்கர் ஒட்டலாம். ஆனால் பழைய விலையை அது மறைக்கக் கூடாது.

இதெல்லாம் தெரிந்தும் குளிர்பானத்துக்கும் பால் பாக்கெட்டுக்கும் "கூலிங் சார்ஜ்" என்று ஒன்றிரண்டு ரூபாய் வாங்கும் வழக்கம் போகவில்லை. கமிஷன் போதவில்லை, பிரிட்ஜ் ஓட்டும் கரண்ட் செலவுக்குக்கூடக் காணாது என்பது நம் வாதம். அந்த வாதத்தில் நியாயம் உண்டு. ஆனால் அதைக் கேட்க வேண்டிய இடம் கமிஷன் கொடுக்கும் நிறுவனம். பால் வாங்க வந்த பாட்டியிடம் அதை வசூலிக்க முடியாது. சங்கம் மூலம் கமிஷனைக் கூட்டிக் கேட்பது ஒரு வழி. கட்டுபடியாகாத சரக்கை வாங்காமலே விடுவது இன்னொரு வழி. "ஹோட்டல்களுக்கு உச்ச நீதிமன்றம் அனுமதித்துவிட்டதே" என்று சிலர் கேட்கிறார்கள். 2017 டிசம்பரில் வந்த அந்தத் தீர்ப்பு, உட்கார இடம் கொடுத்துப் பரிமாறும் ஹோட்டல்களையும் உணவகங்களையும் பற்றியது. நம் கடை வாசலில் நின்று குடித்துவிட்டுப் போகும் பாட்டிலுக்கு அது உதவாது. ஒரு ரூபாய்க்காக நுகர்வோர் உதவி எண் 1915க்கு யார் போன் செய்யப்போகிறார்கள் என்றும் அலட்சியமாக இருக்க வேண்டாம். செய்கிறவர்கள் செய்கிறார்கள்.

வரி குறைந்தபோது பழைய விலையிலேயே விற்பதும் இதே வகைதான். 2025 செப்டம்பர் 22 முதல் பிஸ்கட், குளியல் சோப்பு, பற்பசை, தலை எண்ணெய் ஆகியவற்றின் ஜி.எஸ்.டி. 18இலிருந்து 5 சதவீதமானது. நெய்யும் வெண்ணெயும் 12இலிருந்து 5 ஆனது. அப்போது பல கடைகளில் வாக்குவாதம் நடந்தது. 13 சதவீதம் குறைந்ததால் 100 ரூபாய்ச் சாமான் 87 ஆக வேண்டும் என்று வாடிக்கையாளர் கேட்டார். அது சரியல்ல. 118 ரூபாய் 105 ஆக வேண்டும். அதாவது 100 ரூபாய்ச் சாமான் சுமார் 89 ரூபாய். இந்தக் கணக்கை ஒரு அட்டையில் எழுதி மாட்டிய கடைகளில் சண்டை வரவில்லை. காம்பவுண்டிங் முறையில் வரி கட்டும் சிறு கடைக்காரருக்குப் பழைய சரக்கில் கட்டிய வரி திரும்ப வராது என்பது உண்மையான கஷ்டம். நிறுவனமும் விநியோகஸ்தரும் ஈடு கொடுத்தால்தான் அது தீரும்.

சேவைக்கு வாங்கும் பணத்தையும் இங்கேயே சொல்லிவிடலாம். வீட்டுக்குச் சாமான் கொண்டு கொடுப்பதற்கு ஆள் சம்பளமும் பெட்ரோலும் ஆகிறது. அதைச் சாமான் விலைக்குள் மறைத்துவிட்டால், நேரில் வந்து தூக்கிச் செல்பவரும் அதைக் கட்டுகிறார். கடனும் அப்படியே. 4,000 ரூபாய்க் கணக்கு நோட்டு ஒரு மாதம் நின்றால், ஒன்றரை வட்டியில் நமக்கு ஆகும் செலவு 60 ரூபாய். ஆனால் நோட்டில் எழுதும்போது நாம் சாமானுக்குச் சாமான் இரண்டு, மூன்று ரூபாய் கூட்டி எழுதுவதைச் சேர்த்தால் 200 ரூபாய் ஆகிவிடுகிறது. வாராக் கடனுக்கும் சேர்த்துத்தான் என்று சொல்வோம். ஒழுங்காகக் கட்டுபவர் கட்டாதவருக்காக ஏன் கொடுக்க வேண்டும்? ரொக்க விலை இவ்வளவு, கணக்கு விலை இவ்வளவு, வீட்டுக்கு அனுப்ப இவ்வளவு என்று முதலிலேயே சொல்லிவிட்டால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை. மாதக் கடைசியில் நோட்டைப் பார்த்து, "எதிர்க்கடையில் இது 122 ஆச்சே" என்று அவர்களே கண்டுபிடிக்கும்போதுதான் கோபம்.

கல்லா காட்டும் அறிகுறிகள்

விலை கூடிப்போனதைக் கல்லாவில் விழும் மொத்தத் தொகை உடனே காட்டாது. பில் எண்ணிக்கையையும் சராசரி பில் தொகையையும் தனித்தனியே எழுதி வந்தால் தெரிந்துவிடும். மாதம் பிறந்து முதல் பத்து நாளில் வரும் லிஸ்டுகள் குறைந்து, மாலை ஆறு மணிக்கு மேல் கால் கிலோ, நூறு கிராம் என்று வாங்க வருபவர்கள் மட்டும் அப்படியே இருந்தால், நம் கடை அவசரத்துக்கு ஓடி வரும் கடையாகிவிட்டது என்று பொருள். கூட்டம் இருக்கும், வியாபாரம் இருக்காது. இதுவரை, "ரெண்டு கிலோ போடுங்க அண்ணாச்சி" என்றவர், "என்ன விலை?" என்று கேட்டுவிட்டு, "அரை கிலோ போதும்" என்றால் அதையும் குறித்துக்கொள்ள வேண்டும். குழந்தையை அனுப்பி வாங்கிய வீட்டார் தாமே நேரில் வந்து பில்லைச் சரிபார்க்கத் தொடங்கினாலும் அப்படியே.

மொத்த வியாபாரிகளுக்கு இந்த அறிகுறிகள் இன்னும் தாமதமாகத் தெரியும். சில்லறைக் கடைக்காரர் தவணை பாக்கி இருப்பதால் உடனே விலகமாட்டார். முதலில் சர்க்கரையையும் எண்ணெயையும் வேறு மண்டியில் ரொக்கத்துக்கு எடுப்பார். பாக்கி தீரும் வரை மற்றதை நம்மிடமே வாங்குவார். பேரேட்டில் அவர் பெயரில் பாக்கி குறைந்துகொண்டே வருவதைப் பார்த்து, "நல்ல பார்ட்டி, ஒழுங்காகக் கட்டுகிறார்" என்று மகிழ்ந்துகொண்டிருப்போம். ஒரே நாளில் வந்த இரண்டு கடைக்காரர்களுக்கு ஒரே சரக்கை இரண்டு விலையில் கொடுத்தது, அவர்கள் இருவரும் டீக்கடையில் சந்திக்கும்போது வெளிப்பட்டுவிடுகிறது. ரொக்கத்துக்கு ஒரு விலை, பதினைந்து நாளுக்கு ஒரு விலை, முப்பது நாளுக்கு ஒரு விலை என்று பலகையில் எழுதிப் போடும் மண்டிகளில் பேரம் பேசும் நேரமாவது மிச்சமாகிறது. பாக்கி குறைந்து வரும் பார்ட்டிகளின் பெயரை மாதம் ஒரு முறை தனியாக எழுதி, அவர்கள் எந்தச் சரக்கை எடுப்பதை நிறுத்தினார்கள் என்று பில் புத்தகத்தைப் பின்னோக்கிப் புரட்டிப் பார்த்தால், எந்த விலை கூடிப்போனது என்பது அங்கே தெரியும்.